கடைசிப் பாடவேளை

நடுநிலைப் பள்ளியில் கால அட்டவணை போடும்போது காலைப் பாடவேளைகளைக் கணக்கும் ஆங்கிலமும் எடுத்துக்கொள்ளும். அடுத்த இடம் அறிவியலுக்கு. சமூக அறிவியலுக்கு மிஞ்சுவது சத்துணவு சாப்பிட்டபின் பிள்ளைகளுக்குக் கண் சொருகுகிற நேரம். இதைச் சொல்லி வரலாற்று ஆசிரியர்கள் புலம்பாத குறுவள மையக் கூட்டம் கிடையாது. நான் அந்தக் கடைசி இரண்டு பாடவேளையையும் சேர்த்தே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் பிள்ளைகளை ஊருக்குள் கூட்டிப் போய்விட்டு மணி அடிப்பதற்குள் திரும்பிவர அதுதான் வசதி. வெயிலும் சற்றுத் தாழ்ந்திருக்கும். அந்த நேரத்தைக் கேட்டு வேறு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பதால் தலைமையாசிரியருக்கும் நிம்மதி.

பிறந்தது, வேலை பார்த்தது, ஓய்வு பெற்றது எல்லாமே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தபோது 1991-இல் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலாராணி சுங்கத் அப்போது எங்கள் ஆட்சியர். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினோம். நானும் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அப்போதுதான் பழகினேன். சாயங்காலம் கல்லுடைக்கும் பெண்களுக்கு வகுப்பு. முதல் வாரமே ஓர் அக்கா பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மடியிலிருந்து கூலிச் சீட்டை எடுத்து நீட்டினார். “இதுல எத்தனை லோடுன்னு எழுதியிருக்கான்னு நானே பாக்கணும். அதை மொதல்ல சொல்லிக் குடு தாயி.” எண்களை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் எழுத்துக்கு வந்தார். இடைநிலை ஆசிரியையாகப் பணியில் சேர்ந்து, அஞ்சல் வழியில் வரலாறு படித்துப் பட்டதாரி ஆசிரியையான பிறகும், ஒவ்வொரு பாடத்தையும் திறக்கும்போது அந்தக் கூலிச் சீட்டு நினைவுக்கு வந்துவிடும். இந்தப் பாடத்தை வைத்து இந்த ஊரில் யார் எதைச் செய்துகொள்ள முடியும்?

பள்ளிகளில் ‘சேவை’ என்ற பெயரில் அப்போது நடந்ததைச் சொன்னால்தான் இந்தக் கேள்வி ஏன் அவசியமாயிற்று என்பது புரியும். காந்தி 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைவேலையும் பாடமும் ஒன்றாக இருந்தன. 1960-களில் கோத்தாரி குழு பணி அனுபவமும் சமூக சேவையும் வேண்டும் என்றது. 1977-இல் ஈஸ்வர்பாய் பட்டேல் குழு அதற்குச் சமூகப் பயனுள்ள உற்பத்திப் பணி என்று பெயர் வைத்தது. இத்தனையும் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது பார்த்தீனியம் பிடுங்குவது, மரக்கன்று நடுவது, ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் மைதானம் கூட்டுவது என்று ஆகியிருந்தது. மரக்கன்றை நட்ட குழியிலேயே அடுத்த ஆண்டும் நட்டார்கள். தண்ணீர் ஊற்றுவது யார் என்று திட்டத்தில் யாரும் எழுதவில்லை.

கூட்டுவதில் இன்னொன்றும் இருந்தது. துடைப்பம் யார் கைக்குப் போகிறது, நோட்டு யார் கைக்குப் போகிறது என்று ஒரு வாரம் கவனித்தால் ஊரின் தெருக்கள் வகுப்பறைக்குள் அப்படியே தெரியும். ஆசிரியர் வேண்டுமென்றே செய்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. “நல்லா வேலை பாப்பான்” என்று ஒரு பையனைக் கூப்பிடுவார். அவன் எந்தத் தெரு என்று பார்த்தால் தெரிந்துவிடும். பெண் பிள்ளைகள் என்றால் டம்ளர் கழுவுவது. ஒரு பள்ளியில் பெற்றோர் திரண்டு வந்து சத்தம் போட்டது வரைக்கும் போயிற்று. சத்தம் போட்டது நியாயம்தான். அதனால், பிள்ளைகளை ஊருக்குள் கூட்டிப் போகும் என் வகுப்புத் திட்டத்தில் இரண்டு விதிகள் இருந்தன. கூட்டுவது, கழுவுவது, சுமப்பது எதுவும் சேவைக் கணக்கில் வராது. வழியில் அப்படி ஏதாவது செய்ய வேண்டிவந்தால் யார் செய்வது என்று சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சீட்டுக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு கைகொடுத்தது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய அந்தக் கல்வெட்டுப் பாடத்தை மனப்பாடம் பண்ணவிட்டால் ‘குடவோலை முறை என்றால் என்ன?’ என்ற ஐந்து மதிப்பெண் கேள்வியோடு முடிந்துபோகும். நான் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு குடம் வாங்கி வருவேன். பனையோலை நறுக்குகளில் பிள்ளைகளின் பெயர்கள். கல்வெட்டில் சொன்னபடியே விவரமறியாத சின்னப் பிள்ளையை விட்டு ஓலை எடுக்கச் சொல்ல வேண்டும் என்பதால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒருத்தியைத் தூக்கி வருவார்கள். அளப்பவர், எழுதுபவர், பேசுபவர், தண்ணீர்க் குடம் தூக்குபவர் எல்லாம் ஓலைப்படிதான். அதற்கு முன் வேட்பாளர் தகுதியைப் படிப்போம்: வயது 35-லிருந்து 70-க்குள், வரி கட்டுகிற கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது.

ஒவ்வோராண்டும் இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு யாராவது ஒரு பிள்ளை கேட்கும். “அப்ப எங்க வீட்டுல யாருமே நின்னிருக்க முடியாதா டீச்சர்?” முடியாது என்பேன். நானும்தான், பெண் என்பதால். இதுதான் ஜனநாயகத்தின் தாய்வீடு என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் அதன் பிறகு தங்கள் குழுவுக்கு விதி எழுதுவார்கள். நிலத்தையும் மனையையும் அடித்துவிடுவார்கள். கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்பதை மட்டும் ஒரு வகுப்புகூட அடித்ததில்லை. சாக்பீஸ் டப்பாவுக்குக்கூடக் கணக்கு எழுதினார்கள்.

இனி நாள்காட்டி. ஜூனில் பாடக்குறிப்பு எழுதும்போது திட்டத்தை யோசித்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். நான் ஏப்ரல் தேர்வு முடிந்த கையோடு ஊருக்குள் போவேன். ஊராட்சி எழுத்தர், ரேஷன் கடைக்காரர், கிராம செவிலியர், மகளிர் குழு அக்காக்கள், டீக்கடை. “எதையாவது எழுதி, எண்ணி, கேட்டு வரணும்னு நீங்க ரொம்ப நாளா நெனச்சு, ஆள் இல்லாம விட்டது எது?” என்பதுதான் கேள்வி. பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் ரோடு, தண்ணி என்பார்கள். மீதி இரண்டு பேர் சொல்வதில்தான் பாடம் கிடைக்கும்.

புதுக்கோட்டைக்கு மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. முப்பருவ முறை 2012-இல் வந்தபோது பலரும் புத்தகம் மெலிந்தது என்று மகிழ்ந்தார்கள். எனக்கு அது மழையோடு ஒத்துப்போனதுதான் பெரிது. கண்மாயை நடந்து அளப்பது முதல் பருவத்தில், தரை காய்ந்திருக்கும்போதே முடிந்தாக வேண்டும். இரண்டாம் பருவத்தில் தண்ணீர் வந்துவிட்டால் பிள்ளைகளை உள்ளே இறக்கக் கூடாது. கரையில் நின்று பார்ப்பதோடு சரி. நீச்சல் தெரியும் என்று ஒருவன் சொன்னால் அவனைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மூன்றாம் பருவம் பொங்கலோடு தொடங்கும். ஜல்லிக்கட்டு, மாசித் திருவிழா, அறுவடை என்று வருகைப் பதிவேட்டில் பாதி ‘ஆ’ விழுந்துகொண்டிருக்கும். வெளியே போகும் வேலையை அங்கே வைத்தால் திட்டம் படுத்துவிடும். அதனால் எழுதுவது, வரைவது, ஊருக்குப் படித்துக் காட்டுவது எல்லாம் அந்தப் பருவத்துக்கு. இதை எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித் தரவில்லை. எல்லா மாவட்டத்துக்கும் ஒரே கையேட்டில் சொல்லவும் முடியாது.

திருமயம் பக்கம் வேலை பார்த்தபோது ஏழாம் வகுப்புக்குக் கண்மாயை எடுத்தோம். தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, குளம், கண்மாய்கள் உண்டு என்று புத்தகம் சொல்லும். அதில் ஒன்றுக்கு நேரே போனால்தான் மடை, கலங்கல், வரத்துக்கால் என்ற சொற்களுக்கு உடம்பு வரும். எங்கள் பகுதிக் கண்மாய்களில் உள்வாயில் இரண்டு நெடிய கல்தூண்கள் நிற்கும், குமிழித் தூம்பு. அடியில் துளையிட்ட கல். மூச்சைப் பிடித்து முங்கி அடைப்பைத் திறந்தால் தண்ணீர் கரைக்கு அடியில் ஓடி வயலுக்குப் போகும். சில தூண்களில் அதை வைத்தவர் பெயர் வெட்டியிருக்கும். சாக்பீஸ் தூளைத் தடவி, ஈரத்துணியால் லேசாகத் துடைத்தோம். வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் எழுந்து வந்தன. முதலில் பிடிபட்டது ‘ஸ்வஸ்திஸ்ரீ’. ஒரு பையன் பத்தடி தள்ளி நின்று, “டீச்சர், ‘ன’ வந்துருச்சு!” என்று கத்தினான். வீட்டுப்பாட நோட்டில் அவன் எழுதிய ‘ன’வை நான் எத்தனையோ தடவை சுழித்தவள். புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-லேயே தன் கல்வெட்டுகளைப் புத்தகமாகப் போட்டிருக்கிறது. எங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை போய் வந்தோம்.

ஆனால் ஊர் கேட்டது கல்வெட்டை இல்லை. மழை பெய்தும் கண்மாய் ஏன் நிறைவதில்லை என்பதுதான் மடை திறக்கும் பெரியவரின் கேள்வி. அவர் முன்னே நடக்க, பிள்ளைகள் தப்படி எண்ணிக்கொண்டே வரத்துக்கால் வழியே போனார்கள். வாய்க்கால் ஓரிடத்தில் ஒல்லியாகி, இன்னோரிடத்தில் காணாமல் போயிற்று. அங்கே நிலக்கடலை போட்டிருந்தது. அந்த நிலத்துக்காரரின் மகன் எங்களோடு நடந்துகொண்டிருந்தான்.

இதை எதிர்பார்த்துத்தான் கிளம்புவதற்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன்: பார்த்ததை எழுத வேண்டும், யாருடையது என்று எழுதக் கூடாது. மறுநாள் அவர் பள்ளிக்கு வந்துவிட்டார். “பிள்ளைகள வச்சு என் நெலத்த அளக்குறீங்களாமே டீச்சரம்மா?” வரைபடத்தை மேசையில் விரித்தேன். பெயர் எங்கும் இல்லை. தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதற்கு நீலப் பென்சில் கோடு மட்டும். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்து, “இந்த எடத்துல கொழாப் பாலம் ஒண்ணு இருந்துச்சு. ரோடு போட்டப்ப மண்ணப் போட்டு மூடிட்டாங்க. அதையும் எழுதுங்க” என்றார். அதைப் பிள்ளைகள் கவனிக்கவே இல்லை, பெரியவருக்கும் மறந்திருந்தது.

அக்டோபர் 2 கிராம சபையில் மகளிர் குழு அக்கா ஒருவர் அந்த அறிக்கையைப் படித்தார். பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை என்பதால் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். “பாப்போம்” என்றார் தலைவர். எழுத்தர் பதிவேட்டை மூடப் போகும்போது ஒரு பிள்ளை எழுந்து, “தீர்மான நகல் எப்பத் தருவீங்க சார்?” என்று கேட்டது. தீர்மானம் என்றால் எண் இருக்கும், நகல் கேட்கலாம் என்பதைக் குடிமையியல் பாடத்தில் அதற்கு முந்தின வாரம்தான் படித்திருந்தது. நூறு நாள் வேலையில் குழாய்ப் பாலத்து மண்ணை எடுத்தார்கள். அந்த மழைக்கு உள்வாயில் முன்னைவிடத் தண்ணீர் நின்றது. நிலக்கடலைக் காட்டில் வாய்க்கால் திரும்ப வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வைத்து அதையும் எடுத்துவிடலாம் என்று நினைப்பவர் ஆசிரியராக இருக்கக் கூடாது. மதுக்கடையை மூடப் பிள்ளைகளை முன்னால் நிறுத்துங்கள் என்று ஒருமுறை ஊர்க்காரர்களே வந்து கேட்டார்கள். கோரிக்கை நியாயம்தான், நீங்கள் போய் நில்லுங்கள், பிள்ளைகளை அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முப்பருவத்தோடு வந்த இன்னொன்று மதிப்பெண். வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறிக்கு 60. செயல்பாட்டுக்கு மதிப்பெண் என்றதும் எனக்கு முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அடுத்த மாதமே ஸ்டேஷனரி கடையில் படத்தாள் தொங்க ஆரம்பித்தது: சோழ அரசர்கள் ஒரு தாள், பாலைவனம் ஒரு தாள், தேசத் தலைவர்கள் ஒரு தாள். வெட்டி ஒட்டினால் ‘ப்ராஜெக்ட்’. அப்பா கையில் காசு இருந்தால் தெர்மாகோலில் தஞ்சைப் பெரிய கோயில். இல்லாத பிள்ளை நோட்டு அட்டையைக் கிழித்து எதையோ வரைந்துகொண்டு வந்து, மேசையில் கடைசியாக வைக்கும். முடிந்த பொருளுக்கு மதிப்பெண் கிடையாது என்று அறிவித்தேன். கள நோட்டுக்குத்தான் மதிப்பெண். அதிலும் யாரிடம் போனாய், என்ன கேட்டாய், அவர் சொன்னதில் எது உனக்கு நம்ப முடியவில்லை, அதை யாரிடம் சரிபார்த்தாய் என்பதற்கு. ஆய்வுக்கு வந்த ஓர் அலுவலர் சுவரில் ஒன்றும் தொங்கவில்லையே என்று கேட்டார். மண்ணும் எண்ணெயும் பட்ட நோட்டுகளைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு சார்ட்டாவது மாட்டி வையுங்கள் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனார். மாட்டி வைத்தேன், அதற்கெல்லாம் சண்டை போட நேரம் இல்லை.

ஆலங்குடி வட்டாரத்துக்கு மாறுதலில் வந்த பிறகு 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. தென்னை, பலா, மா என்று எதுவும் மிஞ்சவில்லை. மின்சாரம் இல்லை, பள்ளி இல்லை. அந்த ஆண்டுக்கென்று ஏப்ரலில் போட்ட திட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டேன். நிவாரணப் பொருள் லாரிகள் வந்தபோது பிள்ளைகளை வரிசையை ஒழுங்குபடுத்த நிறுத்தலாமா என்று கேட்டார்கள். தன் வீட்டுக் கூரையே பறந்துபோன பிள்ளை, அடுத்த வீட்டு ஆளை வரிசையில் நிற்கச் சொல்ல வேண்டுமா? வேண்டாம் என்றேன்.

பள்ளி திறந்த பிறகு எட்டாம் வகுப்பினரே ஒரு வேலையைக் கண்டுபிடித்தார்கள். கணக்கெடுக்க வருகிறவர்களிடம் கொடுக்க ஊரில் பலருக்கு மனு எழுதத் தெரியவில்லை. எத்தனை மரம், எந்த சர்வே எண், வங்கிப் புத்தகத்தில் இருக்கிற பெயரும் குடும்ப அட்டையில் இருக்கிற பெயரும் ஒன்றுதானா என்று பார்த்து எழுத வேண்டும். திண்ணை திண்ணையாக உட்கார்ந்து எழுதினார்கள். சாய்ந்த மரத்தை எண்ணும்போது பிள்ளைகளுக்குள் தகராறு: பாதி சாய்ந்தது கணக்கில் உண்டா? குருத்து முறிந்து நிற்கிற தென்னை? ஓர் அப்பத்தா சிரித்துக்கொண்டே, “குருத்துப் போச்சுன்னா மரமே போச்சு தம்பி” என்றார். எழுதிக்கொண்டான். கூட்டியும் எழுதக் கூடாது, குறைத்தும் எழுதக் கூடாது என்பதில் அவர்கள் பெரியவர்களைவிடக் கறாராக இருந்தார்கள். சொந்தத் தாத்தாவிடமே, “பதினெட்டுதான் இருக்கு தாத்தா, இருபத்தஞ்சு எப்புடி?” என்று ஒருத்தி கேட்டுவிட்டு வந்தாள்.

மனு எழுதப் போன இடங்களில்தான் வரலாறு கிடைத்தது. வயதானவர்கள் எல்லோரும் கஜாவை 52-ஆம் வருசப் புயலோடு ஒப்பிட்டார்கள். 1952 நவம்பர் கடைசியில் டெல்டாவை அடித்த புயல் அது. அன்று எதைச் சாப்பிட்டார்கள், யார் வீட்டில் தங்கினார்கள், யாரை உள்ளே விட்டார்கள், யாரை விடவில்லை. கடைசிக் கேள்வியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை; ஒரு பாட்டியே கேட்காமல் சொன்னதைப் பிள்ளைகள் எழுதிவந்தார்கள். வகுப்பில் அதைப் படித்துக் காட்டலாமா என்று தயங்கியபோது, “பேரு சொல்லாம படி” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. படித்தோம். புவியியலில் புயலின் கண், காற்றின் திசை எல்லாம் அந்த ஆண்டு சொல்லித் தரவே தேவைப்படவில்லை. இடையில் காற்று நின்று, பிறகு எதிர்ப்புறமிருந்து அடித்ததை அத்தனை பேரும் இருட்டில் உட்கார்ந்து கேட்டிருந்தார்கள்.

அந்த ஆண்டில்தான் ஆறாம் வகுப்புக்குப் புதிய பாடப்புத்தகம் வந்திருந்தது. பழையதைவிட நன்றாகவே இருந்தது. கூடவே செயலியும் வந்தது, புகைப்படமும் வந்தது. எதைச் செய்தாலும் பேனரோடு படம் எடுத்து ஏற்ற வேண்டும். படத்துக்காக வேலை என்ற நிலை வந்தால் பிள்ளைகள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த தடவை தலை வாரிப் பவுடர் பூசிக்கொண்டு வருவார்கள், நோட்டை மறந்துவிடுவார்கள். வேலை முடிந்து கலையும்போது ஒரே ஒரு படம் எடுத்து ஏற்றிவிடுவது என் வழக்கம். பாதிப் படங்களில் பிள்ளைகளின் முதுகுதான் தெரியும்.

ஓய்வு பெறும்போது பழைய கள நோட்டுகளைப் புதிதாக வந்த ஆசிரியையிடம் கொடுத்தேன். தென்மாவட்டத்துப் பெண்; கண்மாய் எனக்குத் தெரியாததா அக்கா என்று சிரித்தாள். ஆனால் அவள் கண்மாயை எடுக்கவில்லை. ஏப்ரலில் ஊருக்குள் போனபோது ஒரு அம்மா, எட்டாவது முடித்த மகளை உயர்நிலைப் பள்ளிக்கு ஏன் அனுப்பவில்லை என்பதற்குப் பேருந்து நேரத்தைக் காரணமாகச் சொல்லியிருக்கிறார். இப்போது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை பெண் பிள்ளைகள் ஏறுகிறார்கள், நிற்காமல் போனது எந்த நாள் என்று குறிக்கிறார்கள். எட்டாம் வகுப்பினர் படிப்பை நிறுத்தியவர்களின் வீட்டுக்குப் போய்ப் பேசுகிறார்கள். போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு எழுதிய முதல் மனுவுக்கு, பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்ததாம். பரிசீலனை என்றால் எத்தனை நாள் என்று கேட்டு இரண்டாவது மனுவை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒற்றுப்பிழை பார்த்துத் தரச் சொல்லிப் போன வாரம் எனக்கு அனுப்பியிருந்தாள். இரண்டு இடத்தில் ‘க்’ விட்டிருந்தது, போட்டு அனுப்பினேன்.